ஒரு துளை கீழே

"பட்டனை விடுங்க... விடுங்கன்னு சொல்றேன்ல!"

அவன் கத்தி முடிப்பதற்குள் 'டக்'கென்று ஒரு சத்தம். அதுவரை முனகிக்கொண்டிருந்த மோட்டார், சுமையே இல்லாதது போலத் திடீரென்று உற்சாகமாகச் சுற்றத் தொடங்கியது.

அவள் விரலை எடுத்தாள். மழை மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் பெய்துகொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?"

"கால் போச்சு."

"ஐயையோ!" பதறிப்போய்க் குனிந்து அவன் கால்களைப் பார்த்தாள்.

"எனக்கில்லீங்க... உங்க வண்டிக்கு."

அவளுடைய வண்டி ஒரு நடமாடும் கண் பரிசோதனைக் கூடம். நீளமான டிரெய்லர். உள்ளே ஒரு நாற்காலி, எழுத்துப் பலகை, கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய அலமாரி. டிரக்கின் முதுகில் தன் மூக்கை ஏற்றி வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும். போய்ச் சேர்ந்த இடத்தில் முன்னங்கால்கள் இரண்டையும் மோட்டார் போட்டு இறக்கினால் அவை பாரத்தை வாங்கிக்கொள்ளும். டிரக் கழன்றுகொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

இப்போது வலது கால் வேலை செய்யவில்லை. டிரக்கைக் கழற்றினால் டிரெய்லர் மூக்குக் குப்புற விழும். கழற்றாவிட்டால்...

"நான் இங்கயே குடியிருக்க வேண்டியதுதான்" என்றான் அவன். "சாயங்காலம் எனக்கு வேற லோடு இருக்குங்க."

வழக்கமான டிரைவருக்குக் காய்ச்சல். அதனால் அவளுடைய அண்ணன் எங்கெங்கோ விசாரித்துப் பிடித்த டிரக்குக்காரன் இவன். முன்னதாகவே பஸ்ஸில் வந்து, இந்தத் தொழிற்சாலையின் பின்பக்க மைதானத்தில் இடம் பார்த்து வைத்துக் காத்திருந்தாள் அவள். வண்டி உள்ளே நுழைந்தபோதுதான் காற்று அவளுடைய அறிவிப்புத் துணியைப் பிடுங்கிக்கொண்டு போனது. செருப்பை உதறிவிட்டு, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் துரத்தி, ஒருவழியாகத் துணியைப் பிடித்துவிட்டுச் சிரித்தபடி திரும்பினால்... டிரெய்லரின் பக்கத்தில் குனிந்திருந்த ஒருவன் தலையை நிமிர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு விநாடி. அவ்வளவுதான். அதற்குள் அவளுக்கு முகம் சுட்டது.

அந்த ஆளா இப்போது இப்படிக் கத்துகிறான்?

"பட்டனை யாருங்க இப்படி விடாம அமுக்குவாங்க? மோட்டார் அழுவுறது காதுல விழலையா?"

"மழைச் சத்தத்துல எது அழுகை, எது சிரிப்புன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"கண்ணை டெஸ்ட் பண்றவங்க காதையும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்கலாம்."

"வாயை டெஸ்ட் பண்ற வண்டி வந்தா சொல்லுங்க. முதல் டோக்கன் உங்களுக்குத்தான்!"

அவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிரிக்கிறானோ? இமையில் கோத்து நின்ற மழைத்துளியோடு அவள் முறைத்த முறைப்பில், கோபம் பாதிதான் இருந்தது. மீதி என்னவென்று அவனுக்குப் புரியவில்லை.

அப்போது அவளுடைய போன் அடித்தது. அண்ணன்.

"என்ன வாலு, வண்டி வந்துருச்சா? இறக்கியாச்சா?"

"வந்துருச்சுண்ணா... முன்னங்கால் ஒண்ணு..." அவள் குரல் இறங்கியது. "உடைஞ்சிடுச்சுபோல."

"போனை டிரைவர்கிட்ட குடு."

அவன் வாங்கி, நடந்ததைச் சொன்னான். "பட்டனை விடாம அமுக்கிட்டாங்க சார்."

அண்ணனின் குரல் மழையைத் தாண்டி வெளியே கேட்டது. "போன மாசம் ஷட்டர். அதுக்கு முன்னாடி படிக்கட்டு. இவ கை வெச்சா எதுதான் உருப்பட்டிருக்கு? வண்டியை ஒருத்தர் விலைக்குக் கேட்டுட்டே இருக்காரு. நாளைக்குக் காலையில அவருக்குச் சரின்னு சொல்லிடறேன். இவ ஏதாவது கண்ணாடிக் கடையில உக்காந்து வேலை பார்க்கட்டும்... அதுதான் இவளுக்கு லாயக்கு!"

போனைத் திருப்பித் தந்தபோது அவள் அவனைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது அவனுக்கு.

"வண்டியை வித்துடுவாரா?" என்று கேட்டான்.

"சொன்னா செய்வாரு." துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "கடைக்கு வர முடியாதவங்கதான் இந்த வண்டிக்கு வருவாங்க. ஷிப்டு முடிஞ்சு அப்படியே வந்து உக்காருவாங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, 'அட, மரத்துல இலை இலையா தெரியுதே'ன்னு சொல்லுவாங்க... விடுங்க. இப்ப உங்க டிரக்கை எப்படி வெளியே எடுக்கிறது?"

"எங்கிட்ட ஒரு ஜாக்கி இருக்கு. கட்டைகளும் இருக்கு. இடது கால் நல்லாத்தான் இருக்கு. அதை நீங்க மோட்டார்ல இறக்குங்க. வலது பக்கம் நான் ஜாக்கியில தூக்குறேன். ஆனா ரெண்டும் ஒரே சீரா ஏறணும். முடியுமா?"

"என்னை நம்பி பட்டனைக் குடுக்கிறீங்களா?"

"வேற வழி?"

டிரெய்லரின் சக்கரங்கள் உருளாதபடி முன்னும் பின்னும் ஆப்பு வைத்தான். உள்ளே யாரும் ஏறக்கூடாதென்று கதவைப் பூட்டச் சொன்னான். பிறகு ஜாக்கியை எடுத்துக்கொண்டு உடைந்த காலின் அருகே குனிந்தவன்... அப்படியே நின்றுவிட்டான்.

குடையோடு பின்னால் வந்த அவளும் பார்த்துவிட்டாள்.

அந்தக் கால் இரண்டு குழாய்களால் ஆனது. உள்குழாயைக் கையால் கீழே இழுத்து, தரைக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரு இரும்புப் பின்னைச் செருகி நிறுத்த வேண்டும்; மீதி தூரத்தை மோட்டார் பார்த்துக்கொள்ளும். ஊன்றுகோலின் உயரத்தைக் கூட்டிக் குறைப்பது போலத்தான், வரிசையாகத் துளைகள். மைதானம் மேடு பள்ளமில்லாமல் பலகை மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே துளையில்தான் பின் இருந்திருக்க வேண்டும். இடது பக்கம் சரியாக இருந்தது. வலது பக்கக் குழாய் மட்டும் ஒரு துளை கீழே.

ஆக, வலது கால்தான் முதலில் தரையைத் தொட்டிருக்கிறது. இரண்டு கால் தாங்க வேண்டிய பாரத்தை ஒரு கால் தனியாகத் தாங்கியிருக்கிறது. பட்டனை யார் அமுக்கியிருந்தாலும் அது போயிருக்கும்.

பின்னைச் செருகியது அவன்.

அவன் ஜாக்கியைச் சட்டத்துக்கு அடியில் தள்ளினான். 'உங்க தப்புதானே' என்று கேட்டுவிட அவளுக்கு நாக்கு துடித்தது. கேட்டால்? ஒத்துக்கொள்வானாயிருக்கும். ஆனால் கேட்டு வாங்குவதில் என்ன இருக்கிறது? தானாகச் சொல்கிறானா பார்ப்போம்... ஒரு பிடிவாதம். அண்ணனிடம் அவளே சொன்னாலும் அவர் நம்பமாட்டார். அடுத்தவன் தலையில் பழியைப் போடாதே என்பார்.

"இப்ப அமுக்குங்க... போதும்."

அவன் ஜாக்கியின் பிடியை ஏற்றி இறக்கினான்.

"கொஞ்சம்... நிறுத்துங்க."

அவள் கொஞ்சம், அவன் கொஞ்சம். ஒருவர் நிறுத்தும் இடத்தில் மற்றவர் தொடங்கினார்கள். சிறிது நேரத்தில் அவன் சொல்வதற்கு முன்பே அவள் விரல் நின்றது. அவன் நிமிர்ந்து பார்த்தான். மழை கழுவிய அந்தக் கண்கள் மோட்டாரின் மேலேயே இருந்தன... அவன் பக்கம் வரவே இல்லை. அதுதான் அவனை உறுத்தியது.

டிரெய்லரின் மூக்கு மெல்ல எழும்பியது. அவன் சட்டத்துக்கு அடியில் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பாரத்தை அதன்மேல் உட்கார வைத்தான். கொக்கியைத் திறந்து டிரக்கை முன்னால் நகர்த்தினான். வண்டி அசையாமல் நின்றது.

டிரக் விடுதலை. இனி அவன் போகலாம்.

"உள்ள ஒரு சின்ன போல்ட்தான் முறிஞ்சிருக்கும்" என்றான் ஜன்னல் வழியாக. "பல்சக்கரத்தைக் காப்பாத்த அது முதல்ல உடையணும்னே வெச்சிருக்காங்க. மாட்டிட்டா சரியாயிடும்."

"சரி."

"வரேங்க."

"ம்."

இன்ஜின் உறுமியது. அவள் திரும்பி நடந்தாள். 'போ... போய் உன் லோடைப் பாரு. இதுக்கா காலையிலேருந்து நெஞ்சு இப்படி அடிச்சுக்கிச்சு?'

இன்ஜின் நின்றது. கதவு சாத்தும் சத்தம். சேற்றில் வேகமாக வரும் காலடிகள்.

"உங்க அண்ணனுக்குப் போன் போடுங்க."

"எதுக்கு?"

"போடுங்களேன்!"

போட்டாள். அவனே ஸ்பீக்கரை அழுத்தினான்.

"சார், டிரக் டிரைவர் பேசறேன். கால் உடைஞ்சது உங்க தங்கச்சியால இல்ல. வலது பக்கத்துப் பின்னை நான் ஒரு துளை தள்ளிப் போட்டுட்டேன். அப்ப உங்ககிட்ட சொன்னது தப்பு. போல்ட்டை நானே காலையில மாட்டிக் குடுத்துடறேன். அதுக்காக வண்டியை விக்காதீங்க."

அண்ணனின் குரல் உயர்ந்தது.

"ஏம்ப்பா, இத்தனை வருஷமா ஓட்டுறேன்னு சொன்னே? துளையைப் பார்த்துப் பின் போடத் தெரியாதா?"

"இடது பக்கம் பார்த்துத்தான் சார் போட்டேன். வலது பக்கம் போடும்போது... கவனம் வேற எங்கயோ இருந்துச்சு."

"எங்க இருந்துச்சு?"

அவன் காது மடல் வரைக்கும் சிவந்துபோய் அவளைப் பார்த்தான். அவள் குடையை முகத்துக்கு முன்னால் இறக்கிக்கொண்டாள்.

"ஹலோ... எங்கப்பா இருந்துச்சு? ஹலோ?" அண்ணனின் குரல் மெதுவாக மாறியது. "ஓகோ... போனை அவகிட்ட குடு."

"சொல்லுண்ணா" என்றாள், குடைக்குள்ளிருந்தே.

"வண்டியை விக்கல. காலையில நானே அங்க வரேன். எனக்கு உடைஞ்ச காலைப் பார்க்கணும்... அந்த ஆளையும் பார்க்கணும்."

போன் கட்டானது. குடை மட்டும் முகத்தை விட்டு விலகவில்லை.

"கோபமா?" என்றான் அவன்.

"எந்தத் துளையில பின் இருந்துச்சுன்னு நான் அப்பவே பார்த்துட்டேன்."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பார்த்துட்டீங்களா? அப்புறம் ஏன் ஒரு வார்த்தைகூடக் கேக்கல?"

"நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன். சொல்லாமப் போயிட்டா... உங்களை மறந்துடலாம்னு முடிவு பண்ணியிருந்தேன்."

"இப்ப?"

குடை மெல்ல விலகியது. அந்தக் கண்கள் இப்போது அவனை நேராகப் பார்த்தன.

"அதான் சொல்லிட்டீங்களே..." என்றாள். "இனிமே எப்படி மறக்கிறது?"