உப்பில்லாத பால்சோறு

பத்து வயது லூர்துவுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. இலங்கைக் கூந்தற்பனையில் காய்ச்சிய ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி.

தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது சின்னம்மா ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். தம்பி சூசையப்பன் தன்னுடையதைக் கப்பலிலேயே தின்று தீர்த்துவிட்டான். லூர்து அப்படிச் செய்யவில்லை. வாழைச்சருகில் சுற்றி, அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிட்டுக் காப்பாற்றி வந்தாள். கிறிஸ்துமஸ் அன்றைக்குத்தான் தின்ன வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம்.

அவர்கள் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். லூர்துவும் சூசையும் பிறந்ததே அங்கேதான். இரண்டு நாட்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசின. லூர்துவின் அப்பா அமிர்தநாதன் குடும்பம் இந்தியாவுக்குப் போகட்டும், சின்னம்மா குடும்பம் அங்கேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. லூர்துவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது இடுக்கி மலையில் ஒரு தோட்டம். அதே குளிர், வரிசையாக ஒட்டிக் கட்டிய அதே லயத்து வீடு, அதே கொழுந்துக் கூடை. ஆனால் குழாயடியில் அவர்களுக்குப் பெயர் மட்டும் வேறு. 'சிலோன்காரங்க' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

1974-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் வந்தது. காலையில் நான்கு பேரும் மலையேறிக் கோயிலுக்குப் போனார்கள். பூசை மலையாளத்தில் நடந்தது. அப்பா அமிர்தநாதன் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து முழந்தாளிட்டார். சூசை நன்றாகத் தூங்கினான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அன்னமேரி பால்சோறு ஆக்கினாள். பச்சரிசியைக் குழைய வேகவைத்து, கெட்டித் தேங்காய்ப் பால் ஊற்றி, தட்டில் பரப்பித் துண்டு போடுவாள். உப்புப் போட மாட்டாள். கருப்பட்டியோடு தின்பது அவர்கள் வழக்கம். இலங்கைத் தோட்டத்தில் கிறிஸ்துமஸ் என்றால் லயம் முழுக்கத் தட்டுப் போகும். போன தட்டு வெறுமனே திரும்பாது. ஒரு பூவாவது, ஒரு பிடி சீனியாவது அதில் இருக்கும்.

"அம்மா, கருப்பட்டி?" என்றாள் லூர்து.

"இங்க கித்துளுக்கு எங்க போறது? சோறே போதும். கொண்டு போய்க் குடு. ஒரு வீட்டுலயாச்சும் நம்ம கையால சாப்பிட்டா எனக்கு மனசு ஆறும்."

லூர்து தட்டை ஏந்த, சூசை முன்னால் ஓடினான். ஒவ்வொரு வாசலிலும் அவனே அறிவிப்பாளர்.

"எங்க வீட்டுப் பால்சோறு! உப்பே போடல, தெரியுமா?"

முதல் வீட்டில், "இப்பத்தான் சாப்பிட்டோம்" என்றார்கள். இரண்டாம் வீட்டில் தலையை மட்டும் ஆட்டினார்கள். பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி தட்டைப் பார்த்தாள், முகம் கறுத்தது, கதவைச் சாத்திவிட்டாள்.

போன தட்டு அப்படியே திரும்பி வந்தது.

அன்னமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அங்க நம்மளக் கள்ளத்தோணின்னான். இங்க சிலோன்காரன்னு சொல்றான். நம்ம சோத்தக்கூடத் தொட மாட்டேங்கிறாங்களே!"

அமிர்தநாதன் வெளியே போய் நின்றுகொண்டார்.

லூர்துவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அங்கே முத்துப்பேச்சியின் மகள் அழகுத்தாய் நின்றாள். இருவரும் ஒரே வகுப்பு.

"எங்க சோத்துல விஷமா இருக்கு?" என்று கேட்டாள் லூர்து.

அழகுத்தாய் சுற்றுமுற்றும் பார்த்தாள். "ஏட்டி, உப்பில்லாத வெள்ளச் சோத்த எங்க வீட்டுல செத்தவுகளுக்குத்தான் படைப்போம். எங்க தாத்தாவுக்குப் படைச்சு இன்னும் ஒரு மாசம்கூட ஆகல. ஒந்தம்பி வேற வாசல்ல வந்து நின்னு உப்பே போடலன்னு கத்துறான். யாரு வாங்குவா?"

லூர்து திகைத்துப்போனாள். "அப்ப சிலோன்காரங்கன்னு வாங்காம இருக்கலயா?"

"அதுவும் உண்டு" என்றாள் அழகுத்தாய். அவளுக்குப் பொய் சொல்ல வராது. "எங்கண்ணன் சங்கையாவுக்குக் கிடைக்க வேண்டிய வேலை உங்கப்பாவுக்குப் போயிருச்சுல்ல. ஆத்தாவுக்கு அந்த வருத்தம் இருக்கு. ஆனா சோத்த வேண்டாம்னது அதுக்கில்ல."

குடம் நிரம்பி வழிந்தது. லூர்து அதைக் கவனிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து அடுப்புக்கு மேலே கையை நீட்டினாள். வாழைச்சருகைப் பிரித்தாள். கருப்பட்டி வாசனையில் சின்னம்மா எதிரே வந்து நிற்பது போல் இருந்தது.

"என்ன புள்ள செய்யப் போற? அது ஒன்னோடதுடி" என்றாள் அன்னமேரி.

"என்னோடதுதானேம்மா?" என்று சொல்லிவிட்டு, கத்தியால் சீவத் தொடங்கினாள். வெள்ளைச் சோற்றின் மேல் பழுப்புத் தூள் விழுந்து உருகியது. சூசை கீழே சிந்தியதைப் பொறுக்கித் தின்றான். கடைசியில் சருகு மட்டும் மிஞ்சியது.

இந்த முறை சூசையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

முத்துப்பேச்சி கதவைத் திறந்தாள். "மறுபடியும் அதே சோறா?"

"இல்ல பெரியம்மா. எங்களுக்கு இது நல்ல நாள் சோறு. இந்தக் கருப்பட்டியோடதான் திம்போம். உங்க வழக்கம் எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வெறும் சோத்தக் கொண்டாந்திருக்க மாட்டோம்." லூர்து ஓரத்தில் ஒரு விள்ளல் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

முத்துப்பேச்சி அவளையே பார்த்தாள். "எம்மவன் பேரு பதிய வேண்டிய எடத்துல ஒங்கப்பன் பேரு இருக்கு. தெரியுமாட்டி?"

"தெரியும் பெரியம்மா."

"அதுக்கு என்ன சொல்லுத?"

லூர்துவுக்குக் கண் நிறைந்தது. "என்ன சொல்றதுன்னு தெரியல. அங்கயே இருந்திருந்தா நாங்க வந்திருக்கவே மாட்டோம். இருக்க விடல."

முத்துப்பேச்சி சிரிக்கவில்லை. "கொண்டா" என்று தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது.

மற்ற வீடுகளுக்குக் கொடுக்கக் கருப்பட்டி இல்லை. சோறு மீந்தது. மதியமும் அதையே தின்றார்கள்.

"வாங்கிட்டாங்களா?" என்று அன்னமேரி பத்து முறை கேட்டிருப்பாள்.

"வாங்கிட்டாங்கம்மா. சாப்பிட்டாங்களான்னு தெரியாது."

பொழுது சாயும் நேரத்தில் அழகுத்தாய் வந்தாள். கையில் அதே தட்டு, கழுவித் துடைத்திருந்தது. அதன் நடுவில் குவியலாகக் கல்லுப்பு.

"ஆத்தா குடுத்துச்சு" என்றாள் அழகுத்தாய். "சங்கையா அண்ணந்தான் பாதிக்கு மேல தின்னுச்சு. அடுத்த வருசம் உப்புப் போட்டு ஆக்கச் சொல்லுச்சு ஆத்தா. இல்லன்னா கதவத் திறக்காதாம்."

அன்னமேரி தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். சிரிக்கவும் செய்தாள், அழவும் செய்தாள்.

"கருப்பட்டி தீந்துபோச்சே அக்கா" என்றான் சூசை, வெறும் சருகை முகர்ந்துகொண்டே.

லூர்து ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். கருப்பட்டி மாதிரி வருமா? வராதுதான். ஆனாலும் அதைத் துப்பாமல், கரையும்வரை வாயிலேயே வைத்திருந்தாள்.