மெதுவா, தங்கம்

வசந்த காலம் வந்துவிட்டால் மெல்பர்ன் நகரத்து மேக்பை பறவைகளுக்குக் கோபமும் வந்துவிடும். கூட்டில் குஞ்சு இருக்கும் அல்லவா? சைக்கிளில் யார் போனாலும் துரத்தி வந்து தலையில் கொத்தும். அதனால் நெரிடாவின் அம்மா மார்னி, தன் சைக்கிள் நிலையத்து ஹெல்மெட்டுகளில் எல்லாம் நீளமான பிளாஸ்டிக் குச்சிகளைச் செருகி வைத்திருந்தார்.

"என்னங்க இது? எங்களை முள்ளம்பன்றி ஆக்கிட்டீங்களே!" என்பார்கள் ஊர் பார்க்க வருகிறவர்கள்.

"முள்ளம்பன்றியைப் பறவை கொத்தாதே!" என்பார் மார்னி.

வெளியூர்க்காரர்களை ஆற்றங்கரையில் தொடங்கிச் சந்தை வழியாகக் கடற்கரை வரை சைக்கிளில் கூட்டிப்போவதுதான் மார்னியின் தொழில். அவர் முன்னால் போவார். நின்று நின்று கதை சொல்வார். பள்ளி விடுமுறை நாட்களில் பதினொரு வயது நெரிடாவும் போவாள். அவளுக்கு ஒரே வேலைதான். வரிசையில் கடைசியாக வர வேண்டும். யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்று வெள்ளிக்கிழமை. ஏழு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் வெர்னா. ஐம்பத்தேழு வயது. தூரத்து ஊரான மில்டூராவில் ஆரஞ்சுப் பழங்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை செய்கிறவர்.

"முன்னாடியே சொல்லிடறேன்மா. நான் சைக்கிள் பழகி ரெண்டு மாசம்தான் ஆகுது. வேலை முடிஞ்சதும் லாரி நிக்கிற இடத்துல நானாவே ஓட்டிப் பழகினேன். ரோட்டுல இதுதான் முதல் தடவை" என்றார் அவர், மார்னியிடம்.

"அதனால என்ன? கடைசியில என் பொண்ணு வருவா. நீங்க நிம்மதியா ஓட்டுங்க" என்றார் மார்னி. உயரம் குறைவான ஒரு நீல சைக்கிளை அவருக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்.

வெர்னா சைக்கிளோடு பேசிக்கொண்டே ஓட்டினார். "மெதுவா, தங்கம். மெதுவா. அதோ குப்பைத் தொட்டி வருது. அதை நாம இடிக்க வேணாம்." குப்பைத் தொட்டியை இடிக்காமல் தாண்டியதும், "கெட்டிக்காரி!" என்று சைக்கிளைத் தட்டிக்கொடுத்தார்.

முதலில் நெரிடாவுக்குச் சிரிப்பு வந்தது. அரை மணி நேரத்தில் சலிப்பு வந்தது. மற்றவர்கள் எல்லாம் எங்கோ முன்னால் போய்விட்டார்கள். டிராம் தண்டவாளத்தைக் கண்டதும் வெர்னா இறங்கித் தள்ளினார். சின்ன மேடு வந்தாலும் இறங்கித் தள்ளினார். நெரிடாவும் நின்று நின்று வர வேண்டியிருந்தது.

சந்தையில் எல்லோரும் இளைப்பாறினார்கள். மாவுக்குள் கறி வைத்து அவித்த டிம்சிம் அங்கே பெயர் பெற்றது. மார்னி எல்லோரையும் உள்ளே கூட்டிப்போனார். சைக்கிள்களுக்குக் காவலாக நெரிடா வெளியே நின்றாள். சிட்னியிலிருந்து அப்பாவோடு வந்திருந்த கேலம் என்ற பையனும் அங்கேயே நின்றான்.

"ஏய், நீ தினமும் இப்படித்தான் நத்தை மாதிரி வருவியா?" என்று கேட்டான் அவன்.

நெரிடாவுக்குச் சுருக்கென்றது. "நான் ஒண்ணும் நத்தை இல்ல. எனக்கு முன்னாடி வர்றவங்கதான்..." என்றவள், சட்டென்று தன் சைக்கிளில் ஏறினாள். கண்களை உருட்டினாள். தோளை நிமிர்த்தி விறைப்பாக உட்கார்ந்து, அப்படியும் இப்படியும் வளைத்து வளைத்து ஓட்டினாள்.

"மெதுவா, தங்கம்! மெதுவா! ஐயோ, எறும்பு வருது! அதை நாம இடிக்க வேணாம்!"

கேலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நெரிடாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இன்னொரு சுற்று வந்தாள். அப்போது கேலமின் சிரிப்பு சட்டென்று நின்றது. நெரிடா திரும்பிப் பார்த்தாள்.

வெர்னா நின்றுகொண்டிருந்தார். கையில் ஆவி பறக்கும் ஒரு காகிதப் பை.

"உனக்குத்தான் வாங்கினேன். வெளியிலேயே நிக்கிறியேன்னு" என்றார். பையை அவள் கையில் வைத்தார். "சூடா இருக்கு, பாத்து."



வெர்னா ஹெல்மெட்டைக் கழற்றி நீல சைக்கிளில் மாட்டினார். "நான் இங்கேருந்து நடந்து போயிக்கிறேன். அம்மாகிட்ட சொல்லிடு" என்றார். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்.

ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். நெரிடா பையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"வெர்னா எங்கே?" என்று மார்னி வந்து கேட்டார்.

"அவங்களுக்குக் கால் வலிக்குதாம். போயிட்டாங்க" என்றாள் நெரிடா. கேலம் தரையைப் பார்த்தான். டிம்சிம் பை அப்படியே ஆறிப்போயிற்று.

சாயங்காலம் நெரிடா நிலையத்துக்குள் நுழைந்தபோது, மார்னி நீல சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்திருந்தார். கையெல்லாம் கிரீஸ்.

"என்னம்மா பண்றே?"

"பாவம் அந்த அம்மா, எவ்வளவு ஆசையா வந்தாங்க! கால் வலிக்கிற அளவுக்கு இந்த சைக்கிள்ல என்னமோ கோளாறு இருக்கு. எனக்குத்தான் தெரியல. பிரேக்கைக் கழட்டிப் பாத்தேன். பெடலையும் கழட்டிப் பாத்தேன். சீட்டை உயரமா வச்சுட்டேனோ? தப்பு என்மேலதான்."

மார்னி மறுபடியும் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றியது.

நெரிடா கை நீட்டிச் சக்கரத்தை நிறுத்தினாள். "அம்மா, சைக்கிள்ல ஒண்ணும் இல்ல" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். எறும்பு வருகிறது என்று சொன்னதைக்கூட விடவில்லை.

மார்னி ஸ்பேனரைக் கீழே வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது நெரிடாவுக்கு.

"ஏன் நெரிடா?" என்று மட்டும் கேட்டார்.

"அவன் என்னை நத்தைன்னான். எனக்குக் கோபம்." அதைச் சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்று அவளுக்குத் தெரிந்தது.

அன்று இரவுச் சாப்பாடு முடிந்தது. தட்டைக் கழுவும்போது நெரிடா கேட்டாள், "நாளைக்குக் காலையில ஒன்பதரை மணி பஸ்ல ஊருக்குப் போறதா அவங்க சொன்னாங்க இல்ல?"

"ஆமா. அதுக்குள்ள கடற்கரைக்கு எங்கே கூட்டிட்டுப் போறது?"

"கடற்கரைக்கு முடியாது. ஆனா அவங்க தங்கியிருக்கிற விடுதி ஆத்தங்கரையிலதானே இருக்கு? அங்கேருந்து பஸ் ஸ்டேஷனுக்கு ஆத்தோரமாவே பாதை போகுது. அவங்க பெட்டியை உன் பெட்டி வண்டியில வச்சுக்கலாம். அவங்க நீல சைக்கிள்ல வரலாம்." நெரிடாவின் குரல் இறங்கியது. "வரேன்னு சொன்னா."

பெட்டி வண்டி என்பது மார்னியின் நீளமான சைக்கிள். முன்பக்கம் பெரிய மரப்பெட்டி இருக்கும். மறுநாள் காலை எட்டு மணிக்கு அதன்மேல் நீல சைக்கிளை வைத்துக் கட்டிக்கொண்டு மார்னியும், தன் சைக்கிளில் நெரிடாவும் கிளம்பினார்கள்.

விடுதி வாசலில் வெர்னா பெட்டியோடு நின்றிருந்தார். அவர்களைக் கண்டதும் அவர் முகம் இறுகியது. மார்னி கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டார். நெரிடா மட்டும் அருகில் போனாள்.

"நேத்து உங்களை மாதிரி நடிச்சுக் காட்டினேன். அந்தப் பையனைச் சிரிக்க வைக்கணும்னு அப்படிப் பண்ணேன். அப்புறம் உங்களுக்குக் கால் வலின்னு அம்மாகிட்ட பொய் வேற சொன்னேன். நான் செஞ்சது ரொம்பத் தப்பு. மன்னிச்சிடுங்க."

வெர்னா சாலையைப் பார்த்தார். "லாரி ஓட்டறவங்க முன்னாடி நான் எத்தனையோ தடவை விழுந்திருக்கேன். அவங்க சிரிச்சா நானும் சேந்து சிரிப்பேன். நேத்து ஏனோ முடியல. நீ என் பக்கம்னு நினைச்சிருந்தேன்."

நெரிடா கஷ்டப்பட்டுத்தான் அடுத்ததைக் கேட்டாள். "ஸ்டேஷன் வரைக்கும் சைக்கிள்ல வர்றீங்களா? பெட்டியை அம்மா எடுத்துட்டு வருவாங்க. பாதை முழுக்கச் சமதரைதான். டிராம் தண்டவாளம் கிடையாது."

"டாக்ஸிக்குச் சொல்லிட்டேனே."

"வேணாம்னு சொல்லிடலாம்."

வெர்னா நீல சைக்கிளைப் பார்த்தார். அவர் கை தானாகவே அதன் கைப்பிடியைத் தொட்டது.

"பயப்படாதீங்க. நான் பின்னாடியே வருவேன்" என்றாள் நெரிடா.

"பின்னாடியா?" என்றார் வெர்னா. அவர் கை பின்வாங்கியது.

நேற்று பின்னால் வந்துதானே எல்லாவற்றையும் பார்த்து வைத்தோம் என்று நெரிடாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "இல்ல, இல்ல. நான் முன்னாடி போறேன். நீங்க என்னைப் பாத்துக்கிட்டே வாங்க. உங்களுக்குப் பின்னாடி அம்மா வருவாங்க."

வெர்னா பெட்டியை மார்னியின் பக்கம் நகர்த்தினார். பிறகு டாக்ஸிக்காரருக்கு, வர வேண்டாம் என்று போன் செய்தார்.

முன்னால் போவது இவ்வளவு கஷ்டம் என்று நெரிடாவுக்குத் தெரியாது. பின்னால் வருகிறவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெர்னாவின் சக்கரச் சத்தம் குறைந்தால் அவளும் குறைத்தாள். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்த ஒருவரைப் பார்த்து வெர்னா தடுமாறி நின்றபோது, அவளும் நின்றாள். அவராகக் கிளம்பும் வரை திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தாள்.

சக்கரச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பேச்சுக் குரல் கேட்கவே இல்லை.

நடைபாலத்தில் ஏறும்போது நெரிடா மெல்லக் கேட்டாள், "இன்னைக்கு நீங்க சைக்கிளோட பேசலையா?"

"இல்லம்மா. இன்னைக்கு வேணாம்" என்றார் வெர்னா.

பாலம் முடியும்வரை நெரிடா கீழே ஆற்றைப் பார்க்கவே இல்லை. அந்தப் பேச்சை அவரிடமிருந்து பறித்தது யார் என்று அவளுக்குத் தெரியும். அதைத் திருப்பிக் கொடுக்க எந்தப் பாதையில் போவது என்றுதான் தெரியவில்லை.

ஆனாலும் வெர்னா ஒரு தடவைகூட இறங்கித் தள்ளவில்லை. ஸ்டேஷன் வாசலில் அவர் வந்து நின்றபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"வந்துட்டேன்! இந்த ஊர் நடுவுல, நானே ஓட்டிட்டு!" என்றார் மூச்சு வாங்க. மார்னி கைதட்டினார். ஒரு போலீஸ்காரர் எதற்கு என்றே தெரியாமல் தானும் கைதட்டிவிட்டுப் போனார். வெர்னா வாய்விட்டுச் சிரித்தார்.

பஸ்ஸில் பெட்டியை ஏற்றிய பிறகு அவர் நெரிடாவிடம் வந்தார்.

"உன்மேல இருந்த கோபம் போயிடுச்சு. வருத்தம் மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கு. அது போக ரெண்டு மூணு நாள் ஆகும்."

நெரிடா தலையாட்டினாள். "வருத்தம் போனதும் எனக்குச் சொல்வீங்களா?"

வெர்னா பஸ் படியில் கால் வைத்தார். "சொல்றேன்" என்றார்.

பஸ் கிளம்பியது. அதன் ஜன்னல்களெல்லாம் கறுப்புக் கண்ணாடி. வெர்னா எந்தப் பக்கம், எந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியவில்லை. அதனால் நெரிடா முதல் ஜன்னலிலிருந்து கடைசி ஜன்னல் வரை, ஒன்று விடாமல் கையசைத்தாள்.