மூன்று முறை அலசிய கல்

நத்தை தண்ணீரை விட்டு வெளியே வந்திருந்தது. கடல்மீன் தொட்டியின் விளிம்பில், காய்ந்த கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்பிகா அதை விரலால் தள்ளி உள்ளே விட்டாள். அது மறுபடியும் ஏறியது.

ஜூன் மாத மத்தியானம். ஜனக்புரி தெருவில் வீசிய லூ என்னும் அனல்காற்று ஜன்னல்களை உலுக்கிக்கொண்டிருக்க, திரை இழுத்த கூடத்தில் தொட்டியின் நீல வெளிச்சம் சுவரெல்லாம் நெளிந்தது. மோட்டாரின் உறுமலோடு, பழைய சில்லறையை உள்ளங்கையில் நெடுநேரம் மூடி வைத்திருந்தால் வருமே, அப்படி ஒரு வாடை மெல்லப் பரவியிருந்தது.

வீட்டுக்காரர் ராஜாராமன் சார் மகள் வீட்டுக்குச் சென்னை போய் ஒரு மாதம். மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய். "தாமிர மருந்து சின்னத் தொட்டியில மட்டும்தான். அதுல கல்லு, மணலு எதுவும் போடப்படாது. பெரிய தொட்டியில மருந்து பட்டா இறால், நத்தை, கடல்பூ எதுவும் மிஞ்சாது. ஒண்ணு செத்தாலும் மாடி ரூமைக் காலி பண்ணிடு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அம்பிகாவுக்கு வயிற்றில் இது எட்டாம் மாதம். கணவன் விட்டுப்போன பிறகு அந்த மாடி அறையைத் தவிர அவளுக்கு வேறு இடமில்லை.

வெறுமையான சின்னத் தொட்டியின் மூலையில் மீன்கள் நடுங்கியதைப் பார்க்கப் பொறுக்காமல், ஒளிந்துகொள்ளப் பெரிய தொட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்து வைத்தாள். மருந்தின் அளவு காட்டும் சோதனைக் குழாயில் தினமும் நிறம் வெளுத்தது. "வெளுத்தா இன்னும் விடு" என்றார் சார் போனில். விட்டாள். கல் மருந்தைக் குடித்துக்கொண்டே இருந்தது. நேற்று, குணமான மீன்களோடு கல்லையும் பெரிய தொட்டியில் அதன் பழைய இடத்திலேயே வைத்தாள். வைக்கும் முன் குழாயடியில் மூன்று முறை அலசினாள். ஆறு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள் அவள். மூன்று முறை அலசினால் போகாதது ஒன்றை அவள் பார்த்ததில்லை.

இப்போது இறால் மல்லாந்து கிடந்து கால்களை உதறியது. கடல்பூ சுருங்கி, வாய் பிளந்து, பழுப்பாக எதையோ கக்கியது. பிறகு கல்லின் துளைகளிலிருந்து புழுக்கள் வரத் தொடங்கின. விரல் நீளம். சிவப்பு. உடம்பெல்லாம் மயிர். இவ்வளவு நாளும் அவை அங்கே இருந்தன என்பதே அவளுக்குத் தெரியாது. நூறு இருக்கும். எல்லாம் அவள் நின்ற பக்கத்துக் கண்ணாடியில் ஏறின.

"அம்பிகா." சுவரிலிருந்த கேமராவில் சார் குரல். "என்ன பண்ணிண்டிருக்கே? தொட்டியை மறைக்கறே."

"சும்மா தொடைக்கிறேன் சார்."

"தள்ளுடி."

தள்ளினாள். கேமரா மெல்லத் திரும்பித் தொட்டியைப் பார்த்தது.

"சின்னத் தொட்டியில கல்லு வச்சியா?"

"மீனுங்க பயந்துச்சு சார்…"

"மீனுக்குப் பயமாம்!" அவர் சிரித்தார். "அச்சா. கையை விட்டு அதை எடு. ஜல்தி."

"ஒரே புழுவா இருக்கு சார்."

"ராத்திரி மாடியில படுக்கணுமா, ரோட்டுலயா?"

கையை விட்டாள். தண்ணீர் குளிர்ந்தது. புழுக்களின் மயிர் கண்ணாடித் தூள் போலத் தோலில் ஏறியது. முழங்கை. தோள். கல்லின் அடியில் ஒரு துளை. விரல் அதற்குள் போனது.

எதுவோ பிடித்தது.

"சார்… உள்ள யாரோ…"

"எடு."

இழுத்தாள். விடவில்லை. கடிக்கவில்லை. பிடித்திருந்தது. அவ்வளவுதான். அந்தக் குளிர்ந்த நீரில் அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

குனிந்து கண்ணாடி வழியே பார்த்தாள்.

ஐந்து விரல்கள். நொய்யரிசி அளவு நகங்கள். அவள் ஆள்காட்டி விரலைச் சுற்றி.

"எடுடி."

இடது கையால் வயிற்றைத் தொட்டாள். எட்டு மாத மேடு இல்லை. புடவைக் கொசுவம் தளர்ந்து, தட்டையாகத் தொங்கியது.

கல்லுக்குள் அந்த விரல்கள் இன்னும் இறுகின.