பொரி தின்ற கம்ப்யூட்டர்

திருப்புல்லாணிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. வேலை எதுவும் செய்யாது. ஆனாலும் ஆயுத பூஜை தவறாமல் சந்தனம், குங்குமம், மாலை என்று சகல மரியாதையும் அதற்கு உண்டு. விருந்தாளி யாராவது வந்தால், "இன்னைக்குக் கரண்ட் இல்லை" என்பார் தலைமையாசிரியர் வினோத்குமார். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்.

இன்று அதைப் பிரித்துப் பிள்ளைகளுக்குக் காட்டப்போகிறார்கள். முதலில் அவர் உரை. அது தொடங்கியபோது வாசலில் கிடந்த நிழல், இப்போது கொடிக்கம்பத்தைத் தாண்டிவிட்டது.

ஐந்தாம் வகுப்புக் கவிப்ரியாவுக்குக் கண்கள் சொக்கின. ராத்திரி அவளைத் தங்கை சிநேகா தூங்கவே விடவில்லை.

"அக்கா, போன பூஜைக்கு அதோட வாயில நான்தான் பொரி போட்டேன். அதான் செத்துப்போச்சு. சாரு என்னையப் பள்ளிக்கூடத்த விட்டே அனுப்பிருவாரு!"

வாய் என்று அவள் சொன்னது, அந்தக் காலத்துப் பிளாப்பி டிஸ்க் செருகும் நீளமான துளையை.

ஒருவழியாக உரை முடிந்தது. நாகலெட்சுமி டீச்சர் திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார்.

"இந்தப் பச்சைத் தட்டுதான் மதர்போர்டு. இது ஹார்ட் டிஸ்க். இது பிளாப்பி டிரைவ்."

பிளாப்பி டிரைவைக் கவிழ்த்ததும் பொலபொலவென்று பொரி கொட்டியது. கூடவே இரண்டு பொட்டுக்கடலை.

"ஏலே, யாரு பார்த்த வேலை இது?" என்று கத்தினார் தலைமையாசிரியர். கோபம் வந்தால் அவருக்குப் பையன்கள்தான் முதலில் கண்ணில் படுவார்கள். "பள்ளிக்கூடத்துப் பொக்கிஷத்தையே கொன்னுட்டீங்களேலே!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகா, அக்காவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

கவிப்ரியா கொட்டாவியை விழுங்கிக்கொண்டு எழுந்தாள். பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். மதர்போர்டில் ஒரு பேட்டரி ஒழுகி, சுற்றிலும் பச்சையாகப் பூத்திருந்தது.

"சார், பொரி கிடந்தது இங்கன. பேட்டரி ஒழுகிக் கெட்டுப்போனது அங்கன. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல."

"நீ என்ன இன்ஜினியரா?"

"இல்ல சார். ஆனா நான் ஒண்ணாப்பு சேர்ந்தப்பவே இது ஓடலையே! போன பூஜையில போட்ட பொரி எப்படி சார் இதைக் கொல்லும்?"

"அப்பவெல்லாம் கரண்ட்டு..." என்று ஆரம்பித்தவர், மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "போன பூஜைதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கவிப்ரியா பதில் சொல்வதற்குள் சிநேகாவே முன்னால் வந்தாள்.

"நான்தான் சார் போட்டேன். எல்லாருக்கும் பொரி குடுத்தீங்க. மாலை போட்டுக்கிட்டு இருந்த அதுக்கு மட்டும் யாருமே குடுக்கல." மூக்கை உறிஞ்சினாள். "அப்ப அது பசியோடதான் செத்துச்சா சார்?"

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். இன்னோர் உரையோ என்று வகுப்பே நடுங்கியது.

"அழாதம்மா. அது நீ வர்றதுக்கு முன்னாடியே போயிருச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பள்ளியில் அவர் ஆற்றிய மிகச் சிறிய உரை அதுதான். பிள்ளைகள் கை வலிக்கத் தட்டினார்கள்.