மூச்சு விடாதீங்க!

“என் வண்டியிலேருந்து சார்ஜரை எவன் பிடுங்கினான்?”

பெயிண்ட் கம்பெனியின் பார்க்கிங்கே திரும்பிப் பார்த்தது. டப்பா ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் ஏற்றுவதை நிறுத்தினார்கள். வேடிக்கை பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது?

நிறம் சோதிக்கும் லேபில் வேலை பார்க்கும் அவளுக்கு அங்கே ‘பாய்லர்’ என்று பெயர். காதுபடவே சொல்வார்கள். அவளும் மறுத்ததில்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள். முதன்முதலாகக் கார் வாங்கியவள். சூடு இல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட முடியுமா என்ன?

“எவன்னு தேட வேண்டாம்... நான்தான்.”

தூணுக்குப் பின்னாலிருந்து வந்தான். கழுத்தில் தொங்கும் விசில். மடிப்புக் கலையாத சட்டை. கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. ‘விசில்’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவள் வண்டியில் இருக்க வேண்டிய ஒயர் அவன் வண்டியில் ஜம்மென்று செருகியிருந்தது.

“உங்க வண்டி ஃபுல் ஆயிடுச்சு. பச்சை விளக்கைப் பார்த்துட்டுத்தான் எடுத்தேன். நிறைஞ்சா அடுத்தவங்களுக்கு விடணும், அதுதான் விதி. என்னுது முழுக்க பேட்டரி வண்டிங்க. சார்ஜ் இல்லைன்னா நடராஜா சர்வீஸ்தான். உங்களுக்கென்ன, பெட்ரோலும் இருக்கு... ரெண்டுங்கெட்டான் வண்டி.”

ரெண்டுங்கெட்டான்...

சுருக்கென்று தைத்தது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், “மேடம் வந்துட்டாங்க, நாற்காலி போடு” என்று குத்துவார்கள். ஆபீஸில், “அந்தப் பொண்ணுக்கு நாசூக்காப் பேச வராது” என்பார்கள். அங்கேயும் சேராமல், இங்கேயும் சேராமல்... இப்போது வண்டிக்குமா அதே பட்டம்?

“என் வண்டி பெட்ரோல் குடிச்சதை நீங்க பார்த்தீங்களா?”

“பின்ன அந்த எஞ்சின் எதுக்கு? அழகுக்கா?”

“ஒரு வாரம், சார். வீட்லேருந்து இங்க, இங்கேருந்து வீட்டுக்கு. ஒரு தடவைகூட எஞ்சின் எழாது. பந்தயமா?”

“ஜெயிச்சா இந்த சார்ஜர் முதல்ல உங்களுக்கு, அப்புறம்தான் எனக்கு. தோத்தா?”

“நான் இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்.”

அவன் உதடு சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் கண்கள்... இரண்டும் சிரித்துத் தொலைத்தன. சே! ஒரு ஆணுக்கு எதற்கு இவ்வளவு பெரிய கண்?

வாரம் பிறந்தது. காலையில் டயர்களில் காற்றைச் சரிபார்த்தாள். டிக்கியில் கிடந்த பழைய டப்பாக்களை இறக்கினாள். வீட்டில் ஒயர் செருகியிருக்கும்போதே வண்டியைக் குளிர வைத்துவிட்டு, வழி முழுக்க ஏசி போடாமல் வந்தாள். வேகம் பேட்டரியைத் தின்றுவிடும் என்று பெரிய சாலையை விட்டு உள்சாலையில் புகுந்தாள். சிகப்பு விளக்கு தூரத்தில் தெரியும்போதே காலை எடுத்துவிட்டால் சக்கரமே கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பித் தரும்... அதையும் விடவில்லை. பெடலை அவள் மிதிக்கவில்லை, தடவினாள்.

சாயங்காலம் வாசலில் அப்பா காது கொடுத்து நிற்பார். வாழ்க்கை முழுக்க லாரியில் மூட்டை ஏற்றியவர். “இன்னிக்கும் சத்தமே இல்லைம்மா!” என்று அவர் சொல்லும்போது அவளுக்குப் பட்டம் வாங்கின நாள் ஞாபகம் வரும்.

தினமும் காலையில் விசில் வருவான். அவள் வண்டிக்குள் இருக்கும் திரையை எட்டிப் பார்ப்பான். குடித்த பெட்ரோல்... சைபர்.

“பாய்லர் கொதிக்கவே இல்லையே?”

“உங்க விசில்தான் ஊதாமக் கிடக்குது. போங்க.”

கடைசி நாள். இனி வீடு திரும்புவது ஒன்றுதான் பாக்கி. அன்று பார்த்து மழை. சாதாரண மழையா அது? வானத்தில் யாரோ வாளியைக் கவிழ்த்த மாதிரி...

திரையைப் பார்த்தாள். பேட்டரி வீடு வரைக்கும் தாங்கும். மட்டுமட்டாக. வைப்பர், விளக்கு, தேங்கிய தண்ணீர்... எல்லாம் பேட்டரியைத் தின்னும்.

கேட்டருகே ஓர் உருவம் தொப்பலாக நனைந்து நின்றது. கழுத்தில் விசில்.

கண்டுகொள்ளாமல் போயிருக்கலாம். கால் கேட்கவில்லை.

“பஸ் ஸ்டாப் வரைக்கும் விட முடியுமா? என் வண்டி படுத்துடுச்சு.”

“உங்க எடை என்ன?”

“என்னங்க இது, பொண்ணு பார்க்க வந்த மாதிரி...”

“ஆள் ஏறினா பேட்டரி குறையும். ம்... ஏறுங்க. சாய்ஞ்சு உட்காராதீங்க, லேசா உட்காருங்க.”

“லேசா எப்படிங்க உட்கார்றது?”

அவள் சிரித்துவிட்டாள். உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள். எதிரியிடம் என்ன சிரிப்பு?

இரண்டு திருப்பம் தாண்டியதும்தான் வினை வந்தது. அவன் ஈரச் சட்டை, அவன் மூச்சு, அவள் மூச்சு... முன்கண்ணாடி பால் ஊற்றின மாதிரி வெளுத்தது. வண்டியை ஓரங்கட்டினாள். ஒரு பட்டனை அழுத்தினால் சூடான காற்று வந்து துடைத்துவிடும். ஆனால் அந்தச் சூட்டுக்கு எஞ்சின் எழ வேண்டும். எழுந்தால்... வாரமே பாழ்!

“மூச்சு விடாதீங்க!”

“என்னது?”

“உங்க மூச்சாலதான் மூடுது!”

அவன் கன்னம் உப்ப மூச்சைப் பிடித்தான். கண்கள் இன்னும் பெரிதாயின. முகம் சிவந்தது. கைக்குட்டையால் கண்ணாடியைப் பரபரவென்று துடைத்தான். துடைத்த இடம் மறுபடி வெளுத்தது.

“முடியலைங்க...” என்று புஸ்ஸென்று விட்டான். “பாதுகாப்பு அதிகாரியாச் சொல்றேன், தெருவே தெரியாம வண்டி எடுக்கக் கூடாது. ஜன்னலைத் திறங்க. நனைஞ்சாப் பரவாயில்லை.”

நான்கு ஜன்னலும் இறங்கின. மழை உள்ளே குதித்தது. கண்ணாடி மெல்லத் தெளிந்தது. அவள் முடி கன்னத்தில் ஒட்டிக்கொள்ள, காலில் தண்ணீர் ஓட, வண்டி மறுபடி சத்தமில்லாமல் நகர்ந்தது. பைத்தியக்காரத்தனம்... ஆனால் எவ்வளவு நன்றாக இருக்கிறது!

“ஆமா, உங்க வண்டிக்கு என்ன?”

“சார்ஜ் இல்லை.”

“ஏன் போடலை?”

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அவளுக்குப் புரிந்தது. இன்று முழுக்க ஒயர் அவள் வண்டியிலேயே இருந்தது.

பிரேக் விழுந்தது.

“விட்டுக்கொடுத்தீங்களா? நான் கேட்டேனா? சின்ன வயசுலேருந்து இதே பேச்சுதான் சார்! சீட்டு குடுத்தாங்க, வேலை குடுத்தாங்க, பாவம் பொழைச்சுப் போகட்டும்னு விட்டாங்க... நான் ஜெயிச்சா அது நான் ஜெயிச்சதா இருக்கணும். இறங்குங்க!”

அவன் இறங்கவில்லை. நனைந்த இமைகளோடு நேராகப் பார்த்தான்.

“மழையில கரண்ட் வந்து வந்து போச்சு. மதியம் வந்து பார்த்தேன், உங்க வண்டி நிறையலை. சாயங்காலம் வந்தேன், அப்பவும் நிறையலை. நிறையாத வண்டியிலேருந்து பிடுங்கக் கூடாதுங்கறதும் அதே விதிதான். அன்னிக்கு எனக்குச் சாதகமா இருந்துச்சு, இன்னிக்கு உங்களுக்கு. நான் எதையும் விட்டுக்கொடுக்கலைங்க. சத்தியமா நீங்க தோக்கணும்னுதான் வேண்டிக்கிட்டிருந்தேன்.”

“நெஜமாவா?”

“நெஜமா.”

இவ்வளவு அழகாக இதுவரை யாரும் அவளை மதித்ததில்லை! கோபம் போன இடம் தெரியவில்லை. அங்கே வேறு ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டது...

எதிரே மேம்பாலம். திரையில் பேட்டரி ஒரு கோடாகச் சுருங்கியிருந்தது. பின்னால் ஒரு லாரி காது கிழியக் கத்தியது. பயந்து பெடலை அழுத்தினால் போதும், எஞ்சின் உறுமிவிடும்.

“அவன் கத்தட்டும். கத்தறதுக்குப் பெட்ரோல் செலவில்லை. நீங்க உங்க போக்குல போங்க,” என்றான் அவன். இப்போது அவனே அறியாமல் மூச்சைப் பிடித்திருந்தான்.

ஏறியது... ஆமை மாதிரி ஏறியது... உச்சி! காலை எடுத்தாள். சரிவில் வண்டி தானே வழுக்க, திரையில் பச்சை துளித்துளியாகத் திரும்பி வந்தது.

“வருது! வருதுங்க!” அவன் சீட்டிலேயே துள்ளினான்.

“லேசா உட்காருங்கன்னேன்ல!”

“ஐயோ, பஸ் ஸ்டாப் தாண்டிடுச்சே?”

“நிறுத்திட்டுக் கிளம்பினா பேட்டரி போகும். பேசாம வாங்க.”

பொய் அல்ல. முழு உண்மையும் அல்ல.

வாசலில் அப்பா குடையோடு நின்றார். வண்டி பூனை மாதிரி வந்து நின்றது. திரையில் பெட்ரோல்... சைபர்! அவள் ஸ்டியரிங்கில் முகம் புதைத்து ‘ஊ...’ என்று கத்தினாள். அவன் கைதட்டினான்.

“சத்தமே இல்லைம்மா!” என்றார் அப்பா. பிறகுதான் உள்ளே பார்த்தார். “தம்பி யாரு?”

“பந்தயத்துல தோத்தவருப்பா.”

“தோத்தவர் மூஞ்சி மாதிரி தெரியலையே...” அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். “நல்லா நனைஞ்சிருக்காரு. கொண்டுபோய் விட்டுட்டு, சீக்கிரம் வந்து சேரு.”

அவர் உள்ளே போனதும் அவன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கையில் உருட்டினான்.

“இனி சார்ஜர் முதல்ல உங்களுக்குத்தான். சந்தோஷம். ஆனா ஒரு கஷ்டம்... உங்ககூடச் சண்டை போட இனி எனக்குக் காரணமே இல்லையே. சண்டை இல்லாம எப்படி உங்களைத் தினமும் பார்க்கறது?”

அவள் காது சூடானது. பாய்லராம், பாய்லர்...

“உங்க வீடு எங்க?”

“ஊருக்கு அந்தப் பக்கம். மேட்டு மேல. உங்க பேட்டரி தீர்ந்துடுச்சு, நான் பஸ்ஸுல...”

“எஞ்சின் எதுக்கு வச்சிருக்காங்க... அழகுக்கா?”

அவன் அவளையே பார்த்தான். “ரெண்டுங்கெட்டான்னு சொன்னது தப்புங்க. ரெண்டும் இருக்கிற வண்டி.”

“வண்டிதானா?”

“வண்டியை ஓட்டறவங்களும்தான். அதனாலதான் ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்லை.”

அவள் ஜன்னல்களை ஏற்றினாள். கண்ணாடி மெல்ல வெளுத்தது. தெரு மறைந்தது, மழை மறைந்தது, இருவர் மட்டும். ஒரு வாரமாகத் தொடாத அந்தப் பட்டனை அழுத்தினாள். எஞ்சின் உறுமி எழுந்தது. கண்ணாடி தெளிந்த இடத்தில், வீட்டு ஜன்னலிலிருந்து அப்பாவின் தலை எட்டிப் பார்த்தது.

பார்க்கட்டும்.

“எனக்கும்தான் தூக்கம் இல்லை,” என்றாள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. “இப்ப மூச்சு விடுங்க.”