இடது பின்சக்கரம்

அந்தப் பழைய ஜீப் இரண்டு மாதத்தில் நான்காவது முறையாகப் பட்டறைக்குள் நுழைந்தபோது மணி காலை பதினொன்று. மெக்கானிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஊரில் அவனுக்கு மிளகாய் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அவனே மறந்திருந்தான்.

ஜீப்பிலிருந்து இறங்கியவள் அவனுடைய அக்கா. மாட்டு டாக்டர். மலைமேல் இருக்கும் பண்ணைகளுக்கு வேறெந்த வண்டியும் ஏறாது என்பதால், மூடிப்போன கல் குவாரி ஒன்றின் ஜீப்பை வாங்கியிருந்தாள்.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான். வளைவுல பிரேக்கை மிதிச்சா பெடல் சும்மா தரைக்குப் போகுதுடா. மண்மேட்டுல மோதவிட்டு நிறுத்தினேன். நல்லவேளை, மேடு என் பக்கம் இருந்துச்சு. அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு உனக்கே தெரியும்."

தெரியும். அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. முந்நூறு அடிக்குக் கீழே பாறை.

"நீ ஒழுங்காத்தான் மாட்டினியா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

அவன் கையிலிருந்த ஸ்பேனர் பறந்துபோய்த் தகரச் சுவரில் மோதி விழுந்தது.

"இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். என்னைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேக்குறியே! முதல் தடவை ரப்பர் மாத்தினேன். ரெண்டாவது தடவை வீல் சிலிண்டரையே மாத்தினேன். மூணாவது தடவை ஹோஸ், பைப், பெடல் ரப்பர் முதற்கொண்டு எல்லாம் புதுசு. இதுக்கு மேல மாத்தணும்னா என்னைத்தான் மாத்தணும்!"

"கத்தாதே. பார்த்துட்டுச் சொல்லு. நாளைக்கு நான் மேல போகணும்."

அவள் குடையை விரித்துக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த தன் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். மழை வலுத்தது. கரண்ட் போயிற்று. பகல் வேளையிலேயே பட்டறைக்குள் அந்திபோல இருட்டு கட்டியது.

ஜாக்கி வைத்துத் தூக்கி, இடது பின்சக்கரத்தைக் கழற்றினான். எப்போதும் அதே சக்கரம்தான். டிரம்முக்குள் பிரேக் ஆயில் வழிந்து, பெயின்ட்டைத் தோலுரித்திருந்தது. சிலிண்டரைப் பிரித்து, ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பரை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தான். மூன்று வாரம்கூட ஆகாத ரப்பர். விளிம்பு மடங்கிக் கிழிந்திருந்தது.

தேய்ந்து கிழிந்ததல்ல அது. யாராவது நாள்கணக்கில் விடாமல், உடம்பின் மொத்த பலத்தையும் போட்டு மிதித்தால்தான் ரப்பர் அப்படிக் கிழியும்.

அக்காவுக்குப் போன் செய்தான். "பிரேக் மேலேயே காலை வெச்சுக்கிட்டா ஓட்டுற?"

"பைத்தியமாடா உனக்கு? அரைமணி நேரம் ஓட்டினா மூணு மணி நேரம் தொழுவத்துல நிக்கிறேன். வண்டி சும்மாதான் நிக்குது."

புது ரப்பர் போட்டான். புது ஆயில் ஊற்றி, பிரேக் பைப்பில் இருந்த காற்றையெல்லாம் வெளியேற்றினான். எங்காவது கசிகிறதா என்று பார்க்க, ஒரு மரக்கட்டையை சீட்டுக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவே இறுக்கமாக முட்டுக்கொடுத்தான். ஒரு மணி நேரம் கழித்துச் சக்கரம் காய்ந்திருந்தால், கோளாறு இல்லை என்று அர்த்தம். கதவருகே உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த சாப்பாட்டைத் திறந்தான்.

இரண்டு வாய்கூட சாப்பிட்டிருக்கமாட்டான்.

'டொக்.'

கட்டை ஜீப்பின் தரையில் கிடந்தது. எழுந்துபோய்ப் பார்த்தான். கட்டை நழுவவில்லை. பெடல்தான் அதைவிடக் கீழே போயிருந்தது.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெடல் மெல்ல மேலே வந்தது.

மறுபடி இறங்கியது.

சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. ஒருவர் முதுகைச் சாய்த்து, காலை உதைத்து அழுத்தும்போது வரும் சத்தம். பிரேக் ஆயிலின் தித்திப்பான நெடியோடு, வெயிலில் உழைத்த மனிதனின் வியர்வை நாற்றமும் கலந்து வந்தது.

பயம் வந்தால் மிளகாய்க்கு முதலில் கோபம்தான் வரும். பிறவிக் குணம்.

"எவன்டா அது? என் வேலையை எவன்டா கெடுக்குறது?"

பெடல் தரையைத் தொட்டது. பின்னால், சக்கரத்துக்கடியில், சொட்டுச் சொட்டாக ஆயில் விழத் தொடங்கியது.

அவன் டார்ச்சைப் பெடல்மேல் அடித்தான். அவன் கையால் மாட்டிய புது பெடல் ரப்பர். அதன் வரிகள் மழுங்கி வழவழப்பாகியிருந்தன. நடுவில் ஐந்து குழிகள். ஒன்று பெரியது, மற்ற நான்கும் வரிசையாகச் சிறுத்துப் போயின.

வெறுங்காலின் விரல்கள்.

வேறு யாராவது என்றால் அந்நேரமே பட்டறையை விட்டு ஓடியிருப்பார்கள். அவன் டார்ச்சோடு ஜீப்புக்கடியில் படுத்தான். என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடுவதில்லை என்று ஒரு வெறி. முன்னாலிருந்து பின்னால் வரை ஒவ்வோர் அங்குலமாகத் துரு சுரண்டிக்கொண்டே போனான். சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தின் மேல்பக்கம், சேற்றுக்கு உள்ளே, பழைய பிரேக் பைப்பின் துண்டு ஒன்று மாட்டியிருந்தது. யாரும் கழற்றாமல் விட்டுப்போனது. இடது பின்சக்கரத்துக்குப் போன பைப்.

அதன் நுனியை மடக்கி, சுத்தியலால் தட்டி நசுக்கியிருந்தார்கள். நசுக்கிய இடம் பிளந்திருந்தது.

மிளகாய்க்குப் புரிந்துவிட்டது. சக்கரத்தில் கசிந்தால் சரிசெய்யச் சோம்பல்பட்டு, பைப்பின் வாயையே அடைத்துவிடுகிற அயோக்கியத்தனம். இந்த மாதிரி பழைய வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். அடைத்த இடம் பிளந்தால் மொத்த ஆயிலும் போய்விடும். ஒரு சக்கரத்திலும் பிரேக் இருக்காது.

இப்போது அவனுக்கு ஜீப்மேல் கோபம் இல்லை.

அதை அக்காவுக்கு விற்றவருக்குப் போன் செய்தான். குவாரிப் பட்டறையில் கடைசிவரை ஃபோர்மேனாக இருந்தவர் அவர். இப்போது பழைய வண்டிகளை வாங்கி விற்கிறார்.

"உடனே வாங்க. வரலைன்னா வண்டியோட உங்க வீட்டு வாசலுக்கு நான் வரேன்."

ஃபோர்மேன் மூன்று மணிக்கு வந்தார். பளபளக்கும் பூட்ஸ். அக்காவும் வந்துவிட்டாள். பைப் துண்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான் மிளகாய்.

"யார் பண்ணின வேலை இது?"

"எனக்கென்ன தெரியும் தம்பி? பழைய வண்டின்னா ஆயிரம் இருக்கும்."

"இந்த வண்டியில செத்தவன் யாரு?"

ஃபோர்மேனின் முகம் சுருங்கியது. "ஒரு டிரைவர். குடிச்சிட்டு ஓட்டினான். தூங்கிட்டான், பாறையில மோதிட்டான். பிரேக்கையே தொடலை. போலீஸே அப்படித்தான் எழுதிட்டுப் போச்சு."

"செருப்புப் போட்டு ஓட்டுவானா?"

"இல்ல, கழட்டி வெச்சிட்டு வெறுங்காலோடதான்..." பேச்சு பாதியில் நின்றது. "அது உனக்கெப்படித் தெரியும்?"

"ஏறி உட்காருங்க. பெடலைப் பாருங்க."

"நல்ல வண்டியைக் கொடுத்தேன், வேலை தெரியாதவன்கிட்ட மாட்டிக்கிச்சு!" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் ஏறினார். பிரேக்மேல் பூட்ஸை வைத்து ஒரு மிதி மிதித்தார்; ஆயில் ஒழுகிய வண்டியில் பெடல் அசையவே இல்லை. "இதோ, கல்லு மாதிரி இருக்கு பெடல். என்ன குறை?"

காலை எடுக்கப் போனார்.

கால் வரவில்லை.

"தம்பி... என்ன பண்றே?"

மிளகாய் நான்கடி தள்ளி நின்றிருந்தான்.

பூட்ஸின் மேல்தோல் அமுங்கியது. ஐந்து குழிகளாக. பெடல் அங்குலம் அங்குலமாக இறங்க, அதன்மேல் அவர் காலும் சேர்ந்து இறங்கியது. அவர் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து இழுத்தார். அக்கா ஓடிவந்து அவர் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"விடு! விட்டுடுடா!" ஃபோர்மேன் அலறியது அவர்கள் இருவரையும் பார்த்து அல்ல. பக்கத்தில், வெறுமையில், தன் காது அருகே பார்த்துக் கத்தினார். "நீ மூணு தடவை வந்து சொன்னே, ஆமாம்! ஆயில் ஒழுகுதுன்னு சொன்னே! லோடு நிக்கக் கூடாதுன்னு நான்தான் நசுக்கிவிட்டேன்! நீ குடிக்கலை! குடிக்கலைடா!"

எலும்பு முறியும் சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.

பெடல் மேலே வந்தது.

அக்காதான் மரச்சட்டம் வைத்துக் காலைக் கட்டினாள். மாட்டுக்குக் கட்டுகிற துணியில், மாட்டுக்குக் காட்டுகிற பரிவுகூட இல்லாமல். "இப்ப சொன்னதை அந்த டிரைவர் வீட்டுல வந்து சொல்லணும். அப்புறம் ஸ்டேஷன்ல. அதுக்கப்புறம்தான் ஆஸ்பத்திரி," என்றாள். மிளகாய்தான் கோபக்காரன் என்று ஊர் சொல்கிறதே, அக்காவின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்கவேண்டும்.

டிரைவரின் மனைவி ஒரு துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். தையல் மெஷின்கள் இரைகிற கூடத்துக்கு வெளியே, ஆட்டோவில் உட்கார்ந்தபடியே ஃபோர்மேன் எல்லாவற்றையும் சொன்னார். முடிந்ததும் அவள் அவரை ஏறெடுத்துப் பார்த்தாள்.

"குடிகாரன் பொண்டாட்டின்னு ஆறு வருஷம் என்னைச் சொன்னாங்க. என் மகளைச் சொன்னாங்க. நீயும்தானேய்யா துக்கத்துக்கு வந்து, 'பாவம், குடிதான் கெடுத்துச்சு'ன்னு சொல்லிட்டுப் போனே?"

அவள் அடிக்கக் கை ஓங்கினாள். பிறகு அந்தக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், அவரைத் தொட்டுவிட்டதைப் போல.

மிளகாயிடம் திரும்பினாள். "அண்ணே, வண்டி வேலை தெரிஞ்சவர் நீங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பிரேக்கையே தொடலைன்னாங்களே. அவர் மிதிச்சாரா?"

"மிதிச்சார்மா. கடைசி வரைக்கும் மிதிச்சார்."

போலீஸ் எழுதியதைத் திருத்தி எழுதியது. ஃபோர்மேன்மேல் வழக்குப் பதிவானது. ஜீப்புக்கு மிளகாய் ஐந்தாம் முறையாக ரப்பர் மாற்றினான். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. அக்கா தினமும் மலைக்குப் போய்வந்தாள். "முடிஞ்சதுடா," என்றாள். அவனும் நம்பினான்.

மழைக்காலம் முடியும் சமயம். ஒரு சாயங்காலம் பாட்டரி இறங்கிவிட்டது என்று அக்கா இரண்டு ஆள்களை வைத்து ஜீப்பைத் தள்ளிக்கொண்டுவந்து விட்டுப்போனாள். அவன் ஜீப்பை அதன் பின்பக்கம் சுவரைப் பார்த்திருக்க நிறுத்தினான். ஒயர்களைக் கழற்றி, பாட்டரியை வெளியே எடுத்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு சார்ஜர் மேசையை நோக்கி நடந்தான்.

பின்சுவர் சிவந்தது.

ஜீப்பின் பிரேக் லைட்டுகள் இரண்டும் எரிந்தன.

அணைந்தன. எரிந்தன. அணைந்தன. எரிந்தன. இறக்கத்தில் ஓடுகிற வண்டியில், பிரேக் பிடிக்காமல் போனவன், திரும்பத் திரும்ப, அவசர அவசரமாக, மிதித்து மிதித்து எடுக்கிற வேகத்தில்.

பாட்டரி இன்னும் அவன் கையில்தான் கனத்துக்கொண்டிருந்தது.