கயாவில் விட்ட கொய்யா

தொப்பென்று ஏதோ விழுந்தது.

அடுக்களையில் ஏலக்காய் தட்டிக்கொண்டிருந்த சண்முகவள்ளி கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். தரையில் ஒரு கொய்யா கிடந்தது. பழம் விழுந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கம்பிகளில் அவளும் மகள் தமிழ்மதியும் காலையிலிருந்து நூறு பழமாவது தொங்கவிட்டிருப்பார்கள். மாதுளை, சாத்துக்குடி, கொத்துக் கொத்தாகப் பன்னீர் திராட்சை, வாசல் நிலைக்கு இரண்டு பக்கமும் சிறுமலை வாழைத்தார். நாளைக் காலையில் தமிழ்மதிக்கு வளைகாப்பு. மாப்பிள்ளை பழனிக்குமார் தன் வீட்டாரைக் கூட்டிவர வடமதுரைக்குப் போயிருக்கிறான். பிளாஸ்டிக் பூ ஒன்றுகூட இருக்கக் கூடாது, வீடே தோட்டமாக மணக்க வேண்டும் என்பது பிள்ளைத்தாய்ச்சியின் ஆசை.

சண்முகவள்ளி அண்ணாந்து பார்த்தாள். நூல் அறுந்திருக்கவில்லை. முடிச்சு அவிழ்ந்திருக்கவில்லை. முடிச்சுக்குள் காம்பும் இரண்டு இலைகளும் அப்படியே ஆடிக்கொண்டிருந்தன. பழத்தை மட்டும் யாரோ திருகி எடுத்திருந்தார்கள்.

குனிந்து கொய்யாவைப் புரட்டினாள். அடிப்பக்கம் ஒரு வாய் கடித்திருந்தது. கடித்த இடம் ஈரமாக இருந்தது.

"மதி, கொய்யாவக் கடிச்சியா?"

"நான் எங்கம்மா கடிக்க? படுத்தவ எந்திரிக்கவே கிரேன் கூப்பிடணும்," என்று உள் அறையிலிருந்து குரல் வந்தது.

சண்முகவள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை.

கயாவுக்குப் போகிறவர்கள் செத்தவர் பேரைச் சொல்லி ஒரு பழத்தை விட்டுவிட்டு வருவார்கள். அன்றிலிருந்து அது செத்தவருக்கு. இருப்பவர்கள் தொடக் கூடாது. ஊரில் எல்லாரும் சாமர்த்தியமாக, வாயில் வைக்காத பழமாகப் பார்த்து விட்டுவிடுவார்கள். போன வருஷம் தை மாதம் சண்முகவள்ளி விட்டது கொய்யாவை. புருஷன் ஈஸ்வரனுக்கு உலகத்தில் பிடித்தது அது ஒன்றுதான். இந்தா, இதை வைத்துக்கொண்டு அங்கேயே இரு என்று மனசுக்குள் சொல்லித்தான் விட்டாள்.

மத்தியானச் சோறு முடிந்ததும் ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து, செங்காயாகப் பொறுக்கிக் கறுக் கறுக்கென்று கடிப்பார் ஈஸ்வரன். பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் ஒரு துண்டு கிடையாது. அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும்தான் வீட்டில் நிம்மதி. அது நின்றால் அடுத்து அவர் கை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. ஐந்து வயதில் அவர் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்த தமிழ்மதியின் புறங்கையில் கத்தித் தழும்பு இன்னும் வெள்ளையாக ஓடுகிறது.

நேற்று மாப்பிள்ளை இறக்கிய பழக்கூடையில் கொய்யாவைப் பார்த்ததும், "இது வேணாம்டி," என்றாள் சண்முகவள்ளி.

"திங்கவா போறோம்? தொங்கத்தானே விடுறோம். செத்தும் அந்த மனுசன்தான் இந்த வீட்டுக்கு மெனு போடணுமா?"

அந்தப் பேச்சில் சண்முகவள்ளி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ஒன்பது கொய்யாவையும் தன் கையாலேயே கட்டினாள்.

இப்போது எட்டு இருந்தது.

அன்று மாதாந்திர மின்தடை நாள். மூன்று மணி வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீட்டிப் போட்டிருந்தது. மின்விசிறி அசையாமல் நிற்க, மாதுளையும் திராட்சையும் வாழையும் கலந்து காலையிலிருந்து வீட்டில் நிறைந்திருந்த வாசம் ஒவ்வொன்றாக விலகிப் போய், பழுத்த கொய்யாவின் கனத்த நெடி மட்டும் தொண்டையில் வந்து உட்கார்ந்தது.

கறுக்.

சண்முகவள்ளி திரும்பினாள். ஜன்னல் பக்கம் யாரும் இல்லை. அந்த நாற்காலியை எப்போதோ பழைய சாமான்காரனுக்குப் போட்டாயிற்று. ஆனால் சத்தம் அங்கிருந்துதான் வந்தது, தரையிலிருந்து அல்ல, உட்கார்ந்திருக்கிற ஆளின் வாய் உயரத்திலிருந்து. கறுக், கறுக். நிதானமாக. பிறகு பல்லிடுக்கில் மாட்டிய விதையை நாக்கு துழாவி எடுக்கும் சத்தம்.

தலைக்கு மேலே எண்ணினாள். ஏழு.

ஒரு திராட்சைகூடக் குறையவில்லை. மாதுளையில் ஒரு கீறல் இல்லை. கொய்யா மட்டும்.

ஆறு.

அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். மேஜை மேல் இருந்த தண்ணீர்ச் செம்பை அது எடுத்திருந்தது. பழம் தின்று முடித்ததும் அவர் தண்ணீர் கேட்பார். கேட்பதற்கு முன்னால் நீட்ட வேண்டும். முப்பது வருஷப் பழக்கம். கை தானாகவே ஜன்னலை நோக்கி நீண்டுகொண்டிருந்தது.

சண்முகவள்ளிக்குப் பயம் போய்விட்டது. வந்தது கோபம். வெட்கம் கலந்த, நெஞ்சைச் சுடுகிற கோபம். செம்பை நங்கென்று வைத்தாள்.

முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கத்தரிக்கோலால் ஒவ்வொரு கொய்யாவாக வெட்டி மடியில் போட்டாள். ஒன்று. இரண்டு. ஐந்து வந்துவிட்டது. ஆறாவது வரவில்லை. நூலை வெட்டிய பிறகும் அந்தரத்தில் நின்றது. அந்தப் பக்கம் யாரோ பிடித்திருந்தார்கள்.

"விடு," என்றாள்.

இரண்டு கையாலும் இழுத்தாள். வெடுக்கென்று வந்தது. எச்சில் ஈரத்தோடு.

கீழே இறங்கி ஜன்னலுக்கு நேராக நின்றாள். வாழ்ந்த காலத்தில் அவரை ஒரு தடவைகூட அவள் நீ என்று சொன்னதில்லை.

"நான் விட்டது. நானே எடுத்துக்கிறேன். உனக்கு இந்த வீட்டுல ஒண்ணும் கிடையாது, போ."

ஈரப் பழத்தை அப்படியே கடித்தாள். இனிப்பாக இருந்தது. இந்த வீட்டில் அவள் தின்ற முதல் கொய்யா. விதையோடு மென்று விழுங்கி, மீதி ஐந்தையும் வாசலுக்குக் கொண்டுபோய்த் தெருவில் வீசினாள். ஓடிவந்த ஆடு ஒன்று முகர்ந்து பார்த்துவிட்டு, வாய் வைக்காமல் பின்வாங்கிப் போனது.

உள்ளே வந்து காது கொடுத்தாள்.

சத்தம் இல்லை. நெடி இல்லை. மறுபடி மாதுளை மணத்தது. நாற்காலி இருந்த இடத்தில், முப்பது வருஷம் அவள் குறுக்கே நடக்கக்கூடத் தயங்கிய இடத்தில், காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்தாள். ஜன்னல் காற்று முகத்தில் பட்டது. இம்புட்டுத்தானா நீ என்று நினைத்தாள். இதற்கா இத்தனை காலம் நடுங்கினோம்.

கறுக்.

நிமிர்ந்தாள்.

இந்தப் பக்கம் இல்லை. உள் அறையிலிருந்து. ஆனால் வேறு மாதிரி. போர்வைக்குள்ளிருந்து வருவது போல. தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல.

"மதி? என்னடி திங்கிறே?"

எழுந்தாள். நடந்தாள். கதவைத் தள்ளினாள்.

தமிழ்மதி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். வாய் மூடியிருந்தது. விரித்த இரண்டு கையும் வயிற்றின் மேல் இருந்தன. கையில் எதுவும் இல்லை. கட்டிலில் எதுவும் இல்லை. முகம் வெளுத்திருந்தது.

கறுக். கறுக்.

நிதானமாக.

சண்முகவள்ளி கதவைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளை உதைக்குதாடி?" என்று கேட்டாள்.

தமிழ்மதி தலையை மெல்ல ஆட்டினாள்.

"உதைக்கலம்மா. மெல்லுது."